செவலையின் பங்கு

சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தம் என்று எங்கள் லயத்து ஆண்கள் நினைத்ததால்தான் நான் பன்றி வேட்டைக்குப் போக நேர்ந்தது. இல்லாவிட்டால் என்னை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விட்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் குவைத்திலிருந்து திரும்பியபோது என் பெட்டியில் ஒரு வீடியோ கெமரா இருந்தது. நான் வேலை செய்த வீட்டு மேடம் புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் தந்துவிட்டார். அவர் பிள்ளைகளின் பிறந்தநாள்களை எல்லாம் எடுத்தது நான்தான். கேக் வெட்டும்போது மேடம் படத்துக்குள் நிற்க வேண்டும், அப்போது கெமராவைப் பிடிக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அப்படிப் பழகிய வேலை அது. வரும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் நான் வந்த வான் வண்டியை நிறுத்திய ஆமிக்காரர்கள் கெமராவை வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பிள்ளைகள், பிறந்தநாள் என்று சொல்லி, அவர்களில் ஒருவரைக் கொஞ்சம் படம் எடுத்து அவருக்கே காட்டினேன். தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றால் ரயில் பாதையும் கைகாட்டியின் சிவப்பு, பச்சை விளக்கும் தெரியும். தேயிலை முடியும் இடத்தில் மானாப்புல், அதற்கு மேல் காடு. மழைத் தண்ணீர் வடிகிற பள்ளங்கள், நாங்கள் கான் என்போம், அங்கங்கே மேலிருந்து கீழே இறங்கும். காட்டிலிருந்து பன்றிகள் இறங்கி வந்து நாங்கள் லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த வற்றாளைக் கிழங்கையும் மரவள்ளியையும் உழுதுவிட்டுப் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் நாய்களோடு மேலே ஏறுவார்கள். சுடுகிற துவக்கு கிடையாது. அந்த யுத்த காலத்தில் துவக்கு என்று வாயால் சொல்லவே பயம். ஈட்டியும் கத்தியும் நாய்களும்தான்.

போகிறவர்கள் மூன்று பேர். கவ்வாத்துக் கங்காணி, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற ஆட்களுக்கு மேலாள், அவர்தான் தலைவர். அடுத்தவர் தோட்டத்தில் மாடு வைத்திருந்த பால்காரர். மூன்றாவது என் வீட்டுக்காரர். ஒரு காலத்தில் நான்காவதாக, இல்லை, முதலாவதாக என் வீட்டுக்காரரின் அண்ணனும் போய்க்கொண்டிருந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஈட்டியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குவைத்தில் இருந்தபோது கொழுந்து லொறி பின்னால் சரிந்து அவர் காலை நசுக்கிவிட்டது. அதன் பிறகு மலை ஏற முடியவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காவல் வேலை கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் போகாவிட்டாலும் அவருடைய நாய் போனது. செம்பட்டை நிறப் பெட்டை நாய். செவலை என்று கூப்பிடுவோம்.

நான் வந்து சில வாரங்களில் வேட்டையைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை கங்காணிக்கு வந்துவிட்டது. கெமராவைக் கேட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். பொம்பளை வந்தால் முனிக்கு ஆகாது என்றார்கள். காட்டு முகப்பில் ஒரு கல்லில் முனி இருக்கிறார், அவருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள், அந்தக் கல்லைத் தாண்டிப் பெண்கள் போனது கிடையாது. சரி, கொண்டு போங்கள் என்று எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். கேட்கிற மாதிரி தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

மாலையில் டிவியில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் காலும் சேறும். செருப்பு, மானாப்புல், நாய் வால், மறுபடியும் செருப்பு. கெமரா கீழே தொங்கிக்கொண்டிருந்தபோது எல்லாம் பதிந்திருக்கிறது. தூக்கிக் கண்ணில் வைத்துப் பன்றியைப் பார்த்தபோது ஒன்றுமே பதியவில்லை.

"செவப்பு வெளக்கு எரிஞ்சிச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சிச்சு. அதான் எறக்கிப்புட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். "செவப்பு எரிஞ்சா நிப்பாட்டுன்னுதானே அர்த்தம்? தெனம் கைகாட்டிய பாக்குறோம், இது தெரியாதா?"

பச்சை விளக்கு வரும் என்று எதிர்பார்த்து அந்த மனிதர் காடு முழுக்கக் கெமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கங்காணிதான் வந்து வழி சொன்னார். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அது முனிக்கு வெளியே, அதில் ஏறி நின்றால் எதிர்ச் சரிவு முழுக்கத் தெரியும், அதுவரை நான் வரலாம் என்றார். முனியின் எல்லையை இப்படி அளந்து சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். பிறகு போகிற வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காலில் அட்டை ஏறாமல் இருக்கச் சவர்க்காரத்தை முழங்கால் வரை தேய்த்துக்கொண்டு, பையில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். என்னைப் பாறையில் விட்டுவிட்டு மூன்று பேரும் நாய்களோடு ஓடையைக் கடந்தார்கள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் காடு அவர்களை விழுங்கிவிட்டது. நாய்கள் எப்போதாவது குரைத்தன. மற்றபடி ஒன்றும் இல்லை.

வேட்டை என்றால் எப்போதும் ஓட்டமும் கூச்சலும் என்று நினைத்திருந்தேன். காத்திருப்பதுதான் அதிகம். சும்மா இருக்கப் பிடிக்காமல் கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு மலையணில் தன் வாலைவிட மெல்லிய கொப்பில் தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்றது. காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு புல்லிலிருந்து வெளியே வந்து, நான் இருமியதும் கோபித்துக்கொண்டு உள்ளே போனது. கருங்குரங்குகள் மரத்துக்கு மரம் பாய்ந்தன. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற பட்டன் ஒன்று கெமராவில் இருந்தது. குவைத்தில் அதை மெழுகுவர்த்தி ஊதுவதை எடுக்க மட்டும்தான் பயன்படுத்தினேன். இங்கே அதை அழுத்தினால் எதிர் மலையில் நிற்கிற பிராணியின் இமை அசைவது தெரிந்தது. குவைத்துக் காலம் போக, பிறந்த நாள் முதல் அந்தக் காட்டுக்குக் கீழேயே இருந்திருக்கிறேன், அதற்குள் இவ்வளவு குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. பின்னால் ஒரு ஞாயிறு, கோடு போட்ட குட்டிகளோடு ஒரு தாய்ப் பன்றி ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, வெட்டாமல் மரமாக வளரவிட்ட கருந்தேயிலைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். ஆண்கள் திரும்பி வந்து ஒன்றும் அகப்படவில்லை என்று அலுத்துக்கொண்டபோது நான் வாய் திறக்கவில்லை. எங்கள் கிழங்கைத் தின்கிற பன்றிதான். ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை.

முதல் நாளுக்கு வருகிறேன். நாய்கள் காட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் செவலை மட்டும் திரும்பி வந்தது. ஓடையில் தண்ணீர் குடித்தது. அவசரமே இல்லாமல் பாறைமேல் ஏறி வந்து, என் பையை மோந்து பார்த்துவிட்டு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்துக்கொண்டது. அங்கே பாறையில் ஒரு குழிவு இருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல அதற்குப் பொருந்தியது. எதிரே காட்டுக்குள் கலவரம் தொடங்கி, மற்ற நாய்கள் குரைத்து, கங்காணி கத்தி, பன்றி அலறியபோது செவலை ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்படியே படம் எடுத்தேன். கெமரா ஆடியிருக்கும்.

வேட்டை முடிந்து, பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடைக்கு வந்ததும் செவலை எழுந்து கீழே போய்ப் பன்றிக்குத் தள்ளி நின்றது. கங்காணி குனிந்து, ஒரு இலையால் பன்றியின் இரத்தத்தைத் தொட்டுச் செவலையின் வாயோரத்தில் தடவினார். இதென்ன சடங்கு என்று எனக்குப் புரியவில்லை. அதையும் எடுத்தேன்.

கூறு போடுவது எப்போதும் மாமாவின் இஸ்தோப்பில்தான். லயத்து அறைக்கு முன்னால் இருக்கிற ஒடுக்கமான தாழ்வாரத்தை அப்படிச் சொல்வோம். வாழை இலைகளை வரிசையாகப் போட்டு இறைச்சியைப் பிரித்து வைப்பார்கள். ஆளுக்கு ஒரு கூறு, நாய்க்கு அரைக் கூறு. பன்றியை முதலில் பிடித்து நிறுத்திய நாய்க்கு முழுக் கூறு, கூடவே ஈரலில் ஒரு துண்டு. நாயின் கூறு சொந்தக்காரருக்கு. ஈரல் துண்டு மட்டும் நாய்க்கே. சொந்தக்காரர் அதைத் தணலில் சுட்டுத் தன் கையால் ஊட்ட வேண்டும். இது எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். மாற்றிப் பேச யாருக்கும் வாய் கிடையாது.

கூறு போடுவதற்கு முன்னால் கதை சொல்ல வேண்டும். அன்றைக்குக் கங்காணி எழுந்து நின்று ஆரம்பித்தார்.

"மச்சான், இன்னைக்கு ஒன் செவலைய நீ பாத்திருக்கணும். பன்னி கான்ல எறங்கி மேல ஏறுது. மத்த நாயெல்லாம் பின்னால நின்னு கொலைக்குது. இவ குறுக்க வந்தா பாரு... காதுல ஒரே புடி!"

"எந்தக் காது?" என்று மாமா கேட்டார்.

"சோத்தாங்கை பக்கம்" என்றார் பால்காரர். "பன்னி ஒதறுது. விடலயே! ஈட்டி எறங்குற வரைக்கும் விடலயே மாமா!"

கங்காணி பன்றியானார், பால்காரர் நாயானார். என் வீட்டுக்காரர் ஈட்டி பிடித்தவராகவே நடித்தார், அது ஒன்றுதான் உண்மை. மாமா நசுங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, இடையிடையே கேள்வி கேட்டு, செவலையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. செவலை வாயோர இரத்தத்தை நக்கியது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். இத்தனை நேரம் என் காலடியில் குறட்டை விட்ட நாயைப் பற்றியா இந்தப் பேச்சு? என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமலே என் காலை மிதித்தார்.

ஈரலை ஊட்டி முடித்ததும் மாமா என்னைப் பார்த்தார்.

"புள்ள, நீ எல்லாத்தையும் புடிச்சிருப்பல்ல? டேப்ப போடு. நான் செவலைய பாக்கணும்."

மூன்று ஆண்களின் முகத்திலும் ஈயாடவில்லை. பெட்டரி இறங்கிவிட்டது என்று கங்காணி சொன்னார். கெமராவைத் தொட்டே பார்க்காத மனிதர். நாளைக்குப் பார்க்கலாம் மாமா என்று நான் உள்ளே போய்விட்டேன்.

வீட்டில் வைத்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னார். கால் போன பிறகு முதல் ஞாயிறு, அண்ணனுக்கு என்று ஒரு கூறு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமா அதை இலையோடு வாசலில் எறிந்துவிட்டார். ஏறாத ஆளுக்குக் கூறு எதற்கு, என்னைப் பிச்சைக்காரன் ஆக்காதீர்கள் என்று கத்தியிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் கங்காணிதான் வந்து, நீ வராட்டி உன் நாயை அனுப்பு, எங்களுக்கு நாய் போதாது என்று கேட்டிருக்கிறார். நாய் போனது. நாய்க்குக் கூறு வந்தது. அரைக் கூறு போதாது என்று இவர்கள் செவலையை வாரா வாரம் முதலில் பிடித்த நாயாக்கிவிட்டார்கள். உண்மையில் பிடிப்பது பால்காரரின் வெள்ளை நாய். அது தன் ஈரலை இத்தனை நாளாக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறது, அதற்கே தெரியாமல்.

"ஒன் டேப்ப அண்ணே பாத்தாருன்னா அவ்வளவுதான்" என்றார். "அந்த ஆளு அப்பறம் எங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் பொய்யைக் கட்டி எழுப்பிவிட்டு, இப்போது என் கெமராதான் குற்றவாளி என்பதுபோலப் பேசினார்கள். ஆனால் மாமாவின் முகம் மலர்ந்ததை நினைத்தால் கோபம் நிற்கவில்லை. அந்த டேப்பைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க மாமா மாலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு நாள் கரண்ட் இல்லை. ஒரு நாள் வயர் சரியில்லை. இன்னொரு நாள் எனக்குத் தலைவலி. அதற்கு மேல் சொல்லக் காரணம் கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமை கங்காணி ஒரு திட்டத்தோடு வந்தார். பன்றி விழுந்ததும் அதைப் பாறைப் பக்கம் கொண்டு வருவோம், செவலையைப் பிடிக்க வைத்துப் படம் எடுப்போம் என்றார்.

அந்தக் கூத்தை எப்படிச் சொல்வது? ஓடைக்கு இந்தப் பக்கம் புல்லில் செத்த பன்றியைக் கிடத்தினார்கள். செவலை அதன் பக்கத்திலேயே போகவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு என் சீலைக்குப் பின்னால் வந்து நின்றது. பால்காரர் பன்றியின் காதில் என் ரொட்டியைச் சொருகினார். நாய் ரொட்டியை மட்டும் நுனிப் பல்லால் உருவிக்கொண்டு ஓடியது. பிறகு ஈரல் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பன்றியின் பின்காலைப் பிடித்து ஆட்டினார்.

"செத்த பன்னிக்கு உசுரு குடுக்குறீங்களா? கொஞ்சம் மெதுவா ஆட்டுங்க, சாமி வந்த மாதிரி இருக்கு!" என்று கத்தினேன்.

கடைசியில் செவலை ஈரலைப் பிடித்து இழுக்க, காது இழுபட, பன்றி ஆட, நான் கிட்டே இழுக்கிற பட்டனை அழுத்தி நாயின் முகத்தை மட்டும் எடுத்தேன். பார்த்தால் பிடி மாதிரிதான் இருந்தது. பிறந்தநாள் படம் எடுத்த கைக்கு இது ஒரு பெரிய வேலையா?

மாலையில் எங்கள் காம்பிரா அறையில் டிவிக்கு முன்னால் லயமே கூடிவிட்டது. படம் ஓடியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "நல்ல புடி" என்றார். அவ்வளவுதான். கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து போனார். கங்காணி பெருமூச்சு விட்டு என் முதுகில் தட்டப் பார்த்து, பொம்பளை என்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு யாரும் கதை சொல்லவில்லை. அதுதான் படத்தில் இருந்ததே.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஈரலைக் காதில் கட்டுவதில் இப்போது எல்லோரும் தேறிவிட்டார்கள். கூறு போட்டு முடித்ததும் கங்காணி, "டேப்பு தங்கச்சிகிட்ட இருக்கு மச்சான், ஆறுதலா, அவசரமில்லாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கரம் போர்டு விளையாடப் போனார். பால்காரர் மாட்டைப் பார்க்கப் போனார். என் வீட்டுக்காரர் குளிக்கப் போனார். மாமா இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து ஈரலைச் சுட்டார். படத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். கேட்கவே இல்லை.

மறுநாள் மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகும்போது மாமா மடுவத்து வாசலில் என்னைக் கூப்பிட்டார். "புள்ள, மொத மொத பாறைக்குப் போனியே, அந்த டேப்பு இருக்கா?"

பழுதாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றேன். நாளைக்குக் கொண்டு வா, ஒருத்தருக்கும் சொல்லாதே என்றார்.

அடுத்த நாள் கெமராவை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து மலைக்குக் கொண்டு போனேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. மத்தியானம் ஆட்கள் போன பிறகு மடுவத்துக்குள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே டிவி இல்லை. கெமராவில் கண் வைத்துப் பார்க்கிற துவாரத்திலேயே படம் தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளையில். மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை அதில் வைத்தார். இந்த மனிதர் இப்போது கெமராவைத் தூக்கிச் சுவரில் அடிக்கப்போகிறார், அதற்குப் பிறகு நான்கு வீடும் முகம் பாராமல் போகும் என்று நினைத்தேன்.

"மலையணிலு" என்றார். பிறகு கெமராவைக் கண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கயேதான் படுக்குறா. அதே குழியில."

"ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"நான்தான் அவள அங்க படுக்கப் பழக்குனேன். குட்டியா இருக்கையில அவ அம்மாவ பன்னி கிழிச்சுப்போட்டுச்சு, அவ கண்ணு முன்னாடியே. அன்னையிலேர்ந்து பன்னி வாடை பட்டாலே நடுங்குவா. நான் கூட்டிட்டுப் போனது தொணைக்கு. அவனுங்க கண்ணுல படாம பாறையில விட்டுட்டுப் போவேன், வரும்போது கூட்டிட்டு வருவேன். அவ இன்னும் அங்க போறாளான்னு பாக்கத்தான் டேப்ப கேட்டேன். அதுக்கு இவனுங்க பயந்து செத்துட்டானுங்க."

படம் ஓடிக்கொண்டே இருந்தது. கங்காணி இரத்தம் தடவுகிற இடம் வந்திருக்க வேண்டும். "பாவிப்பய! ஒரு பக்கம் மட்டும் பூசுறான். நானும் வாரா வாரம் பாக்குறேன், ஒரு பக்கந்தான் ரத்தம்" என்று மறுபடியும் சிரித்தார்.

"அப்பறம் ஏன் மாமா வாங்கிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

கெமராவை மடியில் வைத்துக்கொண்டார். "கறிக்கா? கறி எனக்கு இப்ப செமிக்கிறதே இல்ல, பாதிய ஒங்க அக்கா அக்கம்பக்கத்துக்குக் குடுத்துருவா. ஞாயித்துக்கெழம அவனுங்க வந்து வாசல்ல நின்னு சொல்லுவானுங்க பாரு. எந்தக் கான்ல எறங்குச்சு, எந்தப் பக்கம் ஏறுச்சு, காத்து எப்படி அடிச்சிச்சு. செவலைய பத்தி சொல்றது பொய்யின்னாலும் மலை பொய்யில்லையே. கேக்கக் கேக்க நானும் ஏறிருவேன். இப்ப டேப்பு வந்துருச்சு. டேப்ப குடுத்துட்டுப் போயிர்றானுங்க."

குவைத்தில் நான் எடுத்த பிறந்தநாள் டேப்புகளை அந்த வீட்டில் யாரும் போட்டுப் பார்த்ததே இல்லை என்பது ஏனோ ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார். "தெரிஞ்சா கூசிப்போய் வரமாட்டானுங்க."

அந்த வாரம் என் வீட்டுக்காரரிடம் கெமரா பழுது என்று சொன்னேன். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றேன். அது நல்லதுதானே என்று கேட்டார், அவருக்கு இன்னும் அந்தக் குழப்பம் தீரவில்லை. காட்டுப் பிராணிகளை எடுப்பதை நான் விடவில்லை. பிறகும் பல வருடம் எனக்கு வேலை இல்லாத நாட்களில், ஆண்களுக்குத் தெரியாமல் தனியாக அந்தப் பாறைக்குப் போய் எடுத்தேன், ஒரு முறை மரை மான் ஒன்று ஓடையில் நின்று என்னையே பார்த்ததைக்கூட எடுத்தேன். வேட்டையை மட்டும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு வெறும் கையோடுதான் பாறைக்குப் போனேன். செவலை வந்து குழியில் படுத்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். மாலையில் இஸ்தோப்பில் இலைகள் போட்டாயிற்று. டேப் இல்லை என்றதும் மாமா கங்காணியைப் பார்த்து, "அப்ப நீதான் சொல்லணும்" என்றார். கங்காணி எழுந்தார். படத்துக்குப் பழகிவிட்டதால் கதை சட்டென்று வரவில்லை. பன்றி எங்கே இறங்கியது என்பதிலேயே தடுமாறினார். பால்காரர் ஒரு கானைச் சொன்னார், என் வீட்டுக்காரர் வேறு கானைச் சொன்னார். மாமா காத்திருந்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்தேன்.

"இவங்க உள்ள இருந்தாங்க, இவங்களுக்கு என்ன தெரியும்? நான் பாறை மேல நின்னு ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் மாமா. முனி கல்லுக்கு மேக்கால, பெரிய கான்ல பன்னி எறங்குச்சு. காத்து கீழயிருந்து அடிச்சிச்சு, அதனால அதுக்கு நாய் வாடை தெரியல. செவலை கானு ஓரமா பதுங்கிப் பதுங்கி வந்தா..."

"பதுங்கி வந்தாளா?" என்றார் மாமா, காலை நீட்டிக்கொண்டு.

"வந்தா மாமா. வந்து, பன்னி மேல ஏறுற நேரம் பாத்து..."

மூன்று ஆண்களும் என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. பன்றியாகக் கங்காணியைக் குனியச் சொன்னேன். பால்காரர் பிடிக்கிற காது தப்பு என்று திருத்தினேன். மாமா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், எந்தக் கல், எந்த மரம், தண்ணீர் எவ்வளவு ஓடியது என்று. அந்தப் பதில்கள் எல்லாம் உண்மை. பாறையில் இருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்த மலை அது. நான் முடித்தபோது லயத்துக்காரர்கள் இஸ்தோப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். செவலை மாமாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தது.

மாமா ஈரலைத் தணலிலிருந்து எடுத்து ஊதி ஆறவைத்தார். பாதியைப் பிய்த்துச் செவலையை எழுப்பி ஊட்டினார். மீதியை இலையோடு என் பக்கம் நகர்த்தினார்.

"நாய்க்குத்தானே மச்சான்?" என்றார் கங்காணி.

மாமா இலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துத் தின்றேன். உப்புக் கொஞ்சம் குறைவாக இருந்தது.